எட்டாம் பாத்தியில் ஒரு சட்டை

“என் கத்தரியில யாரோ காகிதம் வெட்டியிருக்காங்க.”

காலை ஒன்பது மணிக்குத் துணியறை ஜன்னலைத் திறந்த கையோடு ஊசி அக்கா சொல்லும் முதல் பேச்சு இதுதான். நலம் விசாரிப்பது, சாப்பிட்டாயா என்று கேட்பது எல்லாம் அப்புறம். முதலில் கத்தரி. மேஜை இழுப்பறையைத் திறந்து அதை எடுப்பாள், ஒரு துண்டுத் துணியின் ஓரத்தில் வைத்து அழுத்துவாள். துணி வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். அவ்வளவுதான், அன்றைய கச்சேரி ஆரம்பம்.

துணி வெட்டுகிற கத்தரியில் காகிதம் வெட்டக் கூடாது, கூர் போய்விடும். இது தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் மற்ற யாருக்கும் தெரியாது, எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. அதனால் அவள் புகாரில் தப்பு ஒன்றும் இல்லை. காகிதம் வெட்டியது யார் என்பதும் ஊரறிந்த சங்கதிதான். அவள் வீட்டுக்காரர். அந்தப் பெரிய வீட்டின் தோட்டக்காரர். காலையில் அவள் அசந்த நேரம் பார்த்துக் கத்தரியை எடுத்து எதையோ வெட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இடிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கத்தரி இன்னும் மழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இழுப்பறைக்குப் பூட்டு இருக்கிறது. சாவி அவள் இடுப்பில். காலையில் திறந்தால் கத்தரியின் இரண்டு அலகும் சேரும் இடத்தில், திருகாணிக்குப் பக்கத்தில், வெள்ளையாகப் பொடிப்பொடியாகக் காகிதத் தூசி. அவள் ஊதிவிடுவாள். சாணைக்கல்லை எடுத்துத் தீட்டுவாள். தீட்டிக்கொண்டே திட்டுவாள்.

“பூட்டி வெச்சாலும் விடமாட்டேங்கறீங்களே. செத்தும் திருந்தலன்னா எப்பங்க திருந்துவீங்க?”

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கல் கட்டடம். கப்பலில் சரக்கு அனுப்பிச் சம்பாதித்த ஒருவர் கட்டியது. நாற்பது அறை, அதில் முப்பது யாரும் படுக்காதது. பரம்பரை முடிந்துபோய், இப்போது ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, பழைய நாற்காலிகளைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நாற்பது அறைக்கும் திரை, விரிப்பு, தலையணை உறை எல்லாம் ஊசி அக்கா பொறுப்பு. தோளில் இரண்டு ஊசி எப்போதும் குத்தியிருக்கும். பெயருக்கு அதுதான் காரணம் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவள் வாயில் மாட்டியவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

துணியறை மாடியில் கடைசி அறை. மூன்று சுவரில் மரத் தட்டுகள். நாலாவது சுவரில் ஜன்னல். ஜன்னலுக்கு நேர் கீழே, அந்தக் காலத்தில், கம்பளம் விரித்தாற்போல் ஒரு புல்வெளி.

அந்தப் புல்வெளிதான் அவர் உயிர். முப்பது வருஷம் அதில் வேறு செடி ஒன்று தலை காட்ட விட்டதில்லை. ஓரத்தை நூல் பிடித்து வெட்டுவார். அப்போதிருந்த முதலாளிக்கு வேண்டியது பச்சை, ஒரே பச்சை. அதற்கு என்னென்ன அடிக்க வேண்டுமோ அத்தனையும் அடித்தார். முதுகில் மருந்து பம்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பிடியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, கிச்... கிச்... கிச் என்று நடப்பார். களைக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு நீல நிற மயில்துத்தம். மருந்து கலக்குவதும், மிச்சத்தைக் கொட்டுவதும், பீப்பாயைக் கழுவுவதும் ஜன்னலுக்குக் கீழே ஒரே மூலையில். கல் பெஞ்சுக்குப் பக்கத்தில்.

அந்த மூலையில்தான் அவர் போய்ச் சேர்ந்ததும்.

கோடைக்காலம், உச்சி வெயில். அன்று காலையிலும் கத்தரிச் சண்டை. வழக்கமாகத் திருட்டுத்தனமாக எடுப்பவர் அன்று எதிரிலேயே எடுத்தார். அவர் கையிலிருந்து அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, “இன்னொரு தடவ இதத் தொட்டீங்க, விரலை வெட்டிருவேன்”என்றாள். அவர் வெறுங்கையோடு இறங்கிப் போனார். மத்தியானம் ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மனுஷன் மூலையில் குப்புறப் படுத்திருக்கிறார்.

“ஏங்க, எந்திரிங்க. தரை ஈரம். சட்டையெல்லாம் கறையாயிடும், அப்புறம் யாரு தேய்க்கிறது?”

மூன்று தடவை கத்தினாள். அசையவில்லை. கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறார், கிடக்கட்டும் என்று திரையை இழுத்துவிட்டு ஒரு விரிப்புக்கு ஓரம் தைத்து முடித்தாள். முழு விரிப்பு, நாலு பக்கம். அப்புறம்தான் கீழே போனாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொன்னதெல்லாம் வேறு. “அவர் துணியெல்லாம் அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். செத்தவர் துணியை வெச்சு நான் என்ன கண்காட்சியா நடத்தப்போறேன்?”என்பாள். கேட்டவர்கள், எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி, மனசைத் தேற்றிக்கொண்டாள் பார் என்று மெச்சினார்கள்.

பொய். ஒரு சட்டை மிச்சம் இருந்தது. இறந்ததற்கு முதல் நாள் போட்டு, துவைக்கப் போட்டிருந்த வேலைச் சட்டை. அவளே தைத்தது. கக்கத்தில் எப்போதும் கிழித்துக்கொள்வார் என்று அங்கே மட்டும் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். அதைத் துவைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. ஒரு தலையணை உறைக்குள் மடித்துப் போட்டு, துணியறையில் அடித்தட்டில், மற்ற உறைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு தரம்கூட எடுத்துப் பார்க்கமாட்டாள். இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அவர் போனதும் புல்வெளியும் போய்விட்டது. மருந்தடிக்க ஆள் இல்லை. அறக்கட்டளைக்காரர்கள் யோசித்து, மண்ணைக் கெடுக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று கோடை விடுமுறையில் வகுப்பு நடத்த ஆரம்பித்தார்கள். நடத்துகிறவள் சின்ன வயசுக்காரி, எப்போதும் முழங்கால் வரை சேறு. எல்லோருக்கும் அவள் மண் மேடம். படிக்க வருகிறவர்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள், பன்னிரண்டு பேர், வாரத்தில் மூன்று நாள், இரண்டு மாசம். வகுப்பில் பிள்ளைகள் பேசினால் முட்டி போட வைக்கிற ஆட்கள்தான், தாங்கள் மாணவர்களானதும் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. கடைசி வரிசை, கிசுகிசு, தாமதம், வீட்டுப்பாடம் செய்யாததற்குத் தலைவலி. ஒரு கணக்கு வாத்தியார் மற்றவர்கள் நோட்டைப் பார்த்தே எழுதினார்.

புல்வெளியை எட்டுப் பாத்தியாகப் பிரித்தார்கள். மருந்து கலக்கிய மூலைதான் எட்டாம் பாத்தி.

மண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மண் மேடம் ஒரு வழி வைத்திருந்தாள். சுத்தமான பருத்தித் துணியை ஒரு சாண் ஆழத்தில் புதைப்பது. அறுபது நாள் கழித்துத் தோண்டுவது. உயிருள்ள மண் துணியைத் தின்றுவிடும், புழுவும் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாததும் சேர்ந்து. செத்த மண் வைத்தது வைத்தபடி திருப்பித் தரும்.

துணி கொடுக்கும் வேலை ஊசி அக்காவுடையது. அதில் அவளிடம் ஏமாற்று நடக்காது. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவாள். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி. சுருண்டு மணியாக உருகினால் கலப்படம், தூக்கி எறிவாள்.

நாலு கோடை ஆயிற்று. மற்ற ஏழு பாத்தியிலும் துணி நைந்தது, ஓட்டை விழுந்தது, ஒன்றிரண்டில் காணாமலே போனது. எட்டாம் பாத்தி மட்டும் ஒவ்வொரு வருஷமும் துணியை முழுசாகத் திருப்பித் தந்தது. கசங்கல் மட்டும். துவைத்து இஸ்திரி போட்டால் மேஜையில் விரிக்கலாம். அந்த மண்ணில் எறும்புகூட நடக்காது. குருவி இறங்கி, நின்று பார்த்து, அடுத்த பாத்திக்குப் போய்விடும்.

வாட்ச்மேன் அந்தப் பக்கமே போகமாட்டான். “மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பம்பு சத்தம் கேக்குதுக்கா. கிச் கிச்சுன்னு. ஆளு இல்ல, சத்தம் மட்டும்.”

“பகல்ல கேக்குதா? ராத்திரி வந்தா நீ தூங்கிடுவன்னு அவருக்குத் தெரியும்பா.”

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் அவளுக்கும் கேட்கும். துணியறையில் தனியாக இருக்கும்போது, வெயில் உச்சிக்கு வந்ததும், ஜன்னலுக்குக் கீழே கிச்... கிச். தையல் மெஷினை ஓட்டினால் நிற்கும். மெஷினை நிறுத்தினால் வரும்.

இந்த வருஷம் மண் மேடம் புதிதாக ஒன்று கேட்டாள்.

“அக்கா, துண்டுத் துணி வேணாம். முழுச் சட்டையா குடுங்க. சட்டையை மண்ணு சாப்பிட்டுச்சுன்னா மனசுல நிக்கும்.”

“சட்டையைத் தின்ன மண்ணுக்கு அடுத்த வருஷம் பேன்ட்டும் வேணும்பியா?”என்று கேட்டுவிட்டு, பழைய மூட்டைகளைத் தேடி எட்டுச் சட்டை எடுத்தாள். நூல் உருவி எரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் ஒரு தலையணை உறையில் போட்டு, சாக்கட்டியால் ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதி, அடித்தட்டில் வரிசையாக வைத்தாள். துணியை உறையில் போட்டு வைப்பது அவள் முப்பது வருஷப் பழக்கம், பூச்சி அரிக்காது. அந்தப் பழக்கம்தான் கழுத்தை அறுத்தது.

மறுநாள் அவள் சாப்பிடப் போயிருந்த நேரம் கணக்கு வாத்தியார் வந்து எட்டு உறையை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் தட்டைத் துடைக்கப் போனவள், சாக்கட்டியில் ‘8’ என்று எழுதிய உறை அப்படியே இருப்பதைப் பார்த்தாள். அதற்கு அடியில் இருந்த, எண் எழுதாத உறை இல்லை.

தட்டில் இருந்த மற்ற உறைகளையும் உதறிப் பார்த்தாள். பிறகு கீழே போய் அந்த வாத்தியாரைப் பிடித்தாள்.

“சார், எண் போட்டிருந்தேனே, பாக்கலியா?”

“ஒண்ணுல மட்டும் இல்லக்கா. எட்டாவது மறந்துட்டீங்கபோலன்னு நானே எட்டுல புதைச்சுட்டேன். ஏன், ஏதாச்சும் தப்பா?”

கணக்கு வாத்தியார் கணக்கில் தப்பு. “அது என் வீட்டுக்காரர் சட்டை, எடுத்துக் குடுங்க”என்று சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சொன்னால், ஆறு வருஷமாக அடுப்பில் போட்டேன், அடுப்பில் போட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது என்ன ஆகும்? இந்தப் பன்னிரண்டு வாயிலும் விழுந்து எழுந்திருக்க முடியுமா?

“ஒண்ணுமில்ல சார். சும்மா கேட்டேன்.”

படியேறும்போது கணக்குப் போட்டாள். எட்டாம் பாத்தி. நாலு வருஷமாகத் துணியைத் தொடாத மண். பீரோவைவிடப் பத்திரம். அறுபது நாளில் முழுசாக வரும். தோண்டுகிற அன்று முதல் ஆளாகப் போய் நின்று, துவைத்து வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டால் போயிற்று. செத்த மண்ணை நம்பி அன்றிரவு தூங்கினாள்.

பத்து நாள் அந்த நிம்மதி. பதினோராம் நாள் மண் மேடம் கீழேயிருந்து கத்தினாள். “அக்கா! ஓடி வாங்க! எட்டுல எறும்பு!”

நாலு வருஷமாக அந்த மூலைக்குக் கூடைகூடையாக மக்கிய உரம் போட்டிருந்தார்கள். வெயில் படாமல் காய்ந்த இலையால் மூடியிருந்தார்கள். இலைகளைக் கூட்டி அள்ளிக் கொடுத்ததில் ஊசி அக்காவுக்கும் பங்கு உண்டு. வராது என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில் இப்போது வருகிறது. எறும்பைச் சுற்றிப் பன்னிரண்டு ஆசிரியர்கள் குத்தவைத்து உட்கார்ந்து, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். ஊசி அக்கா எறும்பு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்தாள்.

இருபதாம் நாள் இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல். “என்ன அழகா தைச்சிருக்கு பாருங்கக்கா”என்றாள் மண் மேடம். முப்பத்தைந்தாம் நாள் சுருள் சுருளாக மண்புழு எச்சம். எல்லோரும் கை தட்டினார்கள். கணக்கு வாத்தியார் மிட்டாய் கொடுத்தார்.

“இத்தன வருஷம் இந்த மண்ணைக் கொன்னவன் எவனோ தெரியல”என்றார், வாயில் மிட்டாயோடு. “கையில கெடச்சா...”

“கெடச்சா என்ன சார் பண்ணுவீங்க?”

அவள் குரலைக் கேட்டு அவர் மெல்வதை நிறுத்தினார். மண் மேடம் அவர் காலை மிதித்தாள். “அக்கா வீட்டுக்காரர்தான் சார் இங்க தோட்டம் பாத்தவரு.” வாத்தியார் முகம் செத்துவிட்டது. ஊசி அக்கா திரும்பி மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஜன்னலை விட்டு அவள் கண் அகலவில்லை. குருவி ஒன்று எட்டாம் பாத்தியில் இறங்கிக் கொத்தியது. அடுத்த நாள் மூன்று. ஒவ்வொரு கொத்தலும் அவர் காலரில் விழுகிற மாதிரி இருந்தது. இந்நேரம் கை போயிருக்கும். இந்நேரம் முதுகு. கண்ணை மூடினால், ஒரு சாண் மண்ணுக்கு அடியில் சட்டை மல்லாந்து கிடக்கிறது, அதன்மேல் வெள்ளை நூல் ஊர்கிறது. தோண்டி எடுக்கலாம் என்று இரண்டு தரம் இறங்கிப் போனாள். இரண்டு தரமும் யாராவது பாத்தியைச் சுற்றி உட்கார்ந்து, ஊர் கூட்டிப் புழு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்திரண்டாம் நாள் வகுப்பு இல்லை. வெயில் உச்சிக்கு வந்தது. கீழே கிச்... கிச். அவள் மெஷினை ஓட்டவில்லை. எழுந்து, படியிறங்கி, சமையல்கட்டுப் பின்பக்கமாகப் பழைய மருந்து பம்பு அறைக்குப் போனாள். அவர் போனதிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாளை ஒரு கல்லால் தட்டித் திறந்தாள்.

என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரே ஒரு தரம் அடித்தால் போதும். எறும்பு சாகும், புழு சாகும், அந்த வெள்ளை நூல் சாகும். மண் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பதினெட்டு நாள் தாக்குப்பிடித்தால் சட்டை முழுசாக வந்துவிடும்.

பம்பு ஆணியில் தொங்கியது. எடுத்துத் துடைத்து, வேலை செய்கிறதா என்று பார்க்கக் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டாள். வார்கள் அவர் வைத்த ஓட்டையிலேயே இருந்தன. அவளுக்கு அளவு சரியாக இருந்தது. ஒல்லியான மனுஷன்தான், அளவெடுத்துத் தைத்தவளுக்கே இவ்வளவு ஒல்லி என்று அப்போதுதான் உறைத்தது. பிடியை ஆட்டினாள். கிச். கிச். கிச்.

வெளியே ஏதோ தடால் என்று விழுந்தது. மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்த வாட்ச்மேன், டிபன் பாக்ஸை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் கேட்டைத் தாண்டி ஓடுவது கதவிடுக்கில் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாள்.

மருந்து டப்பா மேல்தட்டில். எட்டவில்லை. கையால் துழாவினாள். கையில் வந்தது ஒரு பிஸ்கட் டின். எதற்கும் பார்ப்போம் என்று மூடியை நெம்பினாள்.

உள்ளே விதைப் பாக்கெட்டுகள். காகிதப் பாக்கெட்டுகள், சூரியகாந்திப் படம் போட்டவை. எல்லாம் காலி. எல்லாம் மேல் ஓரத்தில் நேராக வெட்டப்பட்டவை. வெட்டின கோட்டில் ஒரே இடத்தில் சின்னதாக ஒரு பல். அவள் கத்தரியின் அலகில் அந்த இடத்தில் ஒரு நெளிவு உண்டு, அவர் ஒருமுறை கீழே போட்டதில் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் பென்சிலில் தேதியும் ஒரு வார்த்தையும் எழுதியிருந்தது.

வரல.

வரல.

இப்பவும் வரல.

எண்ணினாள். இருபத்து மூன்று. எல்லாம் அவரது கடைசி வருஷத் தேதிகள். இருபத்து மூன்று தரம் அந்த மூலையில், யாருக்கும் தெரியாமல், விதைத்துப் பார்த்திருக்கிறார். மண்ணைக் கொன்றவன் எவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, கத்தரி மட்டும் எடுத்திருக்கிறார்.

அடியில் இன்னொரு பாக்கெட். வெட்டாதது. தேதி எழுதியிருந்தது, வார்த்தை எழுதவில்லை. அவர் இறந்த நாள், கத்தரியை அவள் பிடுங்கிக்கொண்ட நாள். கையால் கிழிக்கிற ஆள் இல்லை அவர். புல்லைக்கூட நூல் பிடித்து வெட்டியவர்.

பம்பு முதுகிலேயே இருக்க, அவள் தரையில் உட்கார்ந்தாள். குளிர்ந்த தண்ணீர் எங்கேயோ ஒழுகி முதுகை நனைத்தது. வெட்டாத பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, “வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல”என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். பம்பு அறையில் யாரோ மூச்சை இழுத்த மாதிரி இருந்தது. ஒழுகிய காற்றாக இருக்கலாம்.

பம்பைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினாள். மேல்தட்டு மருந்து டப்பாக்களை ஸ்டூல் போட்டு இறக்கி, சாக்கில் கட்டி, மறுநாள் மண் மேடத்திடம் கொடுத்தாள்.

“இத மண்ணுல கொட்டாம எப்படி ஒழிக்கணுமோ அப்படி ஒழி. என்னைக் கேள்வி கேக்காத.” மேடம் கேட்கவில்லை.

அந்த வெட்டாத பாக்கெட்டை மட்டும் துணியறைக்குக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்தாள்.

அறுபதாம் நாள். ஒன்று முதல் ஏழு வரை தோண்டியாயிற்று. சிரிப்பும் கைதட்டுமாகப் போனது. கை இல்லாத சட்டை, வலை மாதிரி ஆன சட்டை, காலர் மட்டும் மிஞ்சிய சட்டை. எட்டாம் பாத்திக்கு வந்தபோது ஊசி அக்கா மண் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

“இத நான் தோண்டுறேன்.”

“முட்டி வலிக்கும்க்கா, நான்...”என்று கணக்கு வாத்தியார் முன்னால் வந்தார்.

“உங்களுக்கு எண்ணவே வராது சார், தோண்ட எங்க வரப்போகுது. தள்ளுங்க.”

மண் முன்பு மாதிரி இறுகிப் பாளமாக இல்லை. பிட்டு மாதிரி உதிர்ந்தது. கையாலேயே ஒதுக்கினாள். துணி தட்டுப்படவில்லை. இன்னும் ஒதுக்கினாள். விரலில் நூல் தட்டியது.

அவள் பாலியஸ்டர் நூலில் தைத்திருந்தாள், உழைக்கட்டும் என்று. அதை மண் தின்னாது. துணி போய்விட்டது, தையல் மட்டும் மிச்சம். தோள்பட்டைக் கோடு, பக்கவாட்டுக் கோடு, கையைச் சுற்றி வட்டம், பையைச் சுற்றி சதுரம், கக்கத்தில் இரட்டை. நடுவில் ஏழு பித்தான், வரிசை மாறாமல். கோட்டில் வரைந்த ஆள் மாதிரி ஒரு சட்டை மண்ணில் படுத்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

மண் மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு அது ஐந்து வருஷ உழைப்பு. ஆசிரியர்கள் கை தட்டத் தூக்கினார்கள். ஊசி அக்காவின் முதுகைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்கள்.

“அது என்னக்கா, தோள்ல?”என்றாள் மேடம் மெதுவாக.

துணி முழுசாகப் போகவில்லை. இரண்டு பட்டை மிஞ்சியிருந்தது. இரண்டு விரல் அகலம், தோளிலிருந்து மார்பு வரை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பச்சை கலந்த நீல நிறம். நெய்த மாதிரியே இருந்தது, ஓர் இழை போகவில்லை.

மேடம் குனிந்து பார்த்தாள். “துத்தம் ஊறியிருக்கு. அத மட்டும் மண்ணு தொடல. இந்தச் சட்டை...”

“பம்பு வாரு”என்றாள் ஊசி அக்கா. “வருஷக்கணக்கா ஒழுகி ஒழுகி ஊறினது. என் வீட்டுக்காரர் சட்டை. அடுப்புல போட்டேன்னு பொய் சொன்னேன். இப்ப எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? போய் ஊரெல்லாம் சொல்லுங்க.”

கணக்கு வாத்தியார் மண்ணில் முட்டி போட்டார், வகுப்பில் மற்றவர்களைப் போட வைக்கிற முட்டி. “அக்கா, நான்தான்...”

“நீங்க ஒண்ணும் பண்ணல சார். அவரே வந்து படுத்துக்கிட்டாரு. எந்திரிங்க, தரை ஈரம்.”

அதைச் சொன்ன பிறகுதான், ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே மூலையைப் பார்த்து அதையே சொன்னது அவளுக்குக் காதில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊசி அக்கா அழுது பார்த்தவர்கள் அந்தப் பதின்மூன்று பேர்தான்.

தையலைக் கலையாமல் ஓர் அட்டையில் ஏந்தி மேலே கொண்டுபோனாள். ஒரு வெள்ளை விரிப்பின்மேல் வைத்து, இருந்தது இருந்தபடி ஊசியால் குத்தித் தைத்தாள். பித்தான் ஏழும், பட்டை இரண்டும். துணியறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறாள். கண்காட்சியா நடத்தப்போகிறேன் என்றவள். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாலும் வலது கையின் நூல் மட்டும் ஆடும், கத்தரியை எடுக்க நீட்டினாற்போல. காற்று என்பாள். எந்தக் காற்று என்று கேட்டால் ஊசி எடுப்பாள்.

மறுநாள் கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு கத்தரி வாங்கிவந்தாள். சாக்கட்டியால் ‘காகிதத்துக்கு’ என்று அதன் உறையில் எழுதி, விதைப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். “முப்பது வருஷத்துல ஒரு கத்தரி தனியா வாங்கிக் குடுக்கத் தோணல பாரு எனக்கு”என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். அவன் ஓடிப்போய்த் திரும்பி வந்த கதையை அவள் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து துணிக் கத்தரி மழுங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் இழுப்பறையைத் திறந்தபோது, விதைப் பாக்கெட் மேல் ஓரத்தில் நேராக வெட்டியிருந்தது. வெட்டின கோட்டில் பல் இல்லை. விதை அத்தனையும் உள்ளே இருந்தது.

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே போய், எட்டாம் பாத்தியில், ஒரு சாணுக்கு ஒன்று என்று விதையை ஊன்றிவிட்டு வந்தாள். பின்பக்கத்தில் எழுத வேண்டிய வார்த்தையை இன்னும் எழுதவில்லை என்கிறாள்.

வந்ததா, வரவில்லையா என்று இங்கே எழுதப்போவதில்லை. நீங்களே போய்ப் பாருங்கள். கீழே கயிறு கட்டிய நாற்காலிகளைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே மாடி, கடைசி அறை. உச்சி வெயில் நேரத்தில் போங்கள், அவள் தனியாக இருப்பாள். பழைய சட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், நூல் உருவி எரித்துப் பார்த்துத்தான் வாங்குவாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் பக்கம் உட்கார இடம் கொடுப்பாள், அங்கிருந்து பாத்தி தெரியும். கிச் கிச்சென்று ஏதாவது கேட்டால் கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அவளாக மெஷினை நிறுத்தினால் நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் கூட இருங்கள். அவளுக்கு இப்போதெல்லாம் ஆள் வந்தால் பிடிக்கிறது, சொல்லத்தான் மாட்டாள்.

இழுப்பறை திறந்திருந்தால் சின்னக் கத்தரியை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அதற்கு ஆள் இருக்கிறது.